குணசேகரனை விட்டுவிடுங்களேன்!

ஆடிஷன் என்று ஒரு அறிவிப்பு வந்தால் போதும். கல்லூரி நாடகமோ, குறும்படமோ, சினிமாவோ, எதுவாக இருந்தாலும் சரி, வரிசையில் நிற்கும் பையன்கள் சுவரைப் பார்த்து முணுமுணுப்பது பெரும்பாலும் பராசக்தி நீதிமன்ற வசனம்தான். அது இல்லையென்றால் கட்டபொம்மன். பெண்களுக்குப் பூம்புகார் கண்ணகி. (ஓரிருவர் மட்டும் புரட்சிகரமாக வடிவேலு!)

சண்டைக்கு வருபவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். குற்றம் கலைஞர் மேலும் இல்லை, சிவாஜி மேலும் இல்லை. 1952 தீபாவளிக்கு வந்த படத்தின் வசனம் இன்றைக்கும் பலருக்கு மனப்பாடம் என்றால் அது அந்த எழுத்தின் பலம், அந்தக் குரலின் பலம். அதை ஆடிஷனுக்கு எடுத்துப் போகச் சொல்கிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம். "நல்லா பவர்ஃபுல்லா ஒண்ணு பண்ணுடா" என்பதுதான் ஊரில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே அறிவுரை. காசு வாங்கிக்கொண்டு வார இறுதியில் நடிப்புச் சொல்லித்தரும் இடங்களிலும் அதே வசனத்தின் ஜெராக்ஸ் தாளைத்தான் நீட்டுகிறார்கள்.

இதனால் யாருக்கு நஷ்டம்? விருதுநகரில் இரவு பஸ் ஏறி, விடிகாலை கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ இறங்கி, பல் தேய்த்து, சட்டை மாற்றி, 2 நிமிட வாய்ப்புக்காக மதியம் வரை காத்திருக்கிறானே, அந்தப் பையனுக்கு. அவன் வாயைத் திறந்த முதல் வரியிலேயே எதிரே இருப்பவரின் காதில் சிவாஜியின் குரல் ஓட ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் பையனை யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரே சரக்கை இருபது பேர் கூவி விற்றால் விலை என்ன ஆகும் என்று பி.காம் முதல் செமஸ்டரிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள்.

சரி, பராசக்தியையாவது ஒழுங்காகப் படித்தார்களா என்றால் அதுவும் கிடையாது. குணசேகரன் எதற்காகக் கூண்டில் நிற்கிறான்? தங்கை கல்யாணியிடம் தவறாக நடக்கப் பார்த்த பூசாரியைத் தாக்கியதற்காக. ஆடிஷனில் கையை ஓங்கிக் கத்தும் பையனின் மனதில் அப்படி ஒரு தங்கை இருப்பதாகவே தெரியாது. அந்த வசனம் எடுத்தவுடன் வெடிப்பதும் இல்லை. நிதானமாக, கொஞ்சம் கிண்டலோடு தொடங்கி மெல்ல ஏறுவது. நகல் எடுப்பவர்களோ உச்சியிலேயே ஆரம்பித்து உச்சியிலேயே முடிக்கிறார்கள். இன்னொன்று: அதே படத்தில் அதே நீதிமன்றத்தில் கல்யாணியும் நிற்கிறாள். குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, ஏன் அப்படிச் செய்தேன் என்று பேசுகிறாள். அதை எடுத்துச் செய்ய ஒரு பெண்ணுக்குக்கூடத் தோன்றுவதில்லை!

'வேறு எங்கே தேடுவது?' என்று கேட்பார்கள். நூலகம் என்று ஒன்று இருக்கிறது சாமி. இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்' நாடகத்தில் ஜஹனாரா, ரோஷனாரா என்று எதிரெதிர் அணியில் இரண்டு சகோதரிகள். புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டன, இணையத்தில் ஓசியிலேயே படிக்கலாம். 'சாபவிமோசனம்' அகலிகையை அவள் வாயாலேயே பேச வைத்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால், அந்தப் பெண் கண்ணகியைத் தேடிப் போகவே மாட்டாள். அந்த விருதுநகர்ப் பையனுக்கோ கி. ராஜநாராயணன் இருக்கிறார். அவன் வீட்டில் பேசும் கரிசல் பேச்சிலேயே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அவனிடம் "ஸ்லாங் தெரியாம பேசு" என்று எவனோ சொல்லி அனுப்பியிருப்பான். சொந்த நாக்கை வீட்டில் வைத்துவிட்டு, எழுபது வருஷத்துக்கு முந்தைய மேடைத் தமிழை வாடகைக்கு எடுத்து வந்து நிற்கிறான் பாவம்.

எடுத்த பிறகாவது வேலை செய்ய வேண்டும். கதையையோ நாடகத்தையோ முழுசாகப் படிக்காமல் நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து வரக்கூடாது. யாரிடம் பேசுகிறோம், அவரிடமிருந்து என்ன வேண்டும், பேச ஆரம்பிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது, இந்த மூன்றும் தெரியாமல் ஒரு வரிகூட மனப்பாடம் செய்யக்கூடாது. 2 நிமிடம் என்று சொன்னால் ஒன்றரை நிமிடத்துக்கு வெட்டிக்கொள்வது நல்லது. ராகம் போட்டுப் படித்தால் ராகம்தான் மனதில் தங்கும். அதனால் முதல் சில நாள் பாத்திரம் கழுவிக்கொண்டோ, துணி மடித்துக்கொண்டோ, எந்த உணர்ச்சியும் இல்லாமல் வெறுமனே சொல்லிப் பழக வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பழகுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே எதிரே நிற்பது அவனேதான், எது சொன்னாலும் தலையாட்டுவான்.

ஏனென்றால் தேர்வு செய்பவர் உண்மையில் சோதிப்பது முதல் தடவை சொல்வதை அல்ல. "நல்லாயிருக்குப்பா. இதையே போன்ல அம்மாகிட்ட சொல்ற மாதிரி ஒரு தடவை சொல்லு" என்பார் பாருங்கள், அதைத்தான். அம்மாவிடம் பேசிப் பழகியவன் ஒரு கணம் யோசித்து, குரலை இறக்கி, எங்காவது தடுமாறினாலும் ஏதோ ஒன்றைச் செய்வான். பராசக்திப் பையன் ஒன்றும் புரியாமல் விழிப்பான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே கையை அதே உயரத்துக்குத் தூக்கி, அதே ராகத்தில் முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பான். அவன் பாதி தாண்டுவதற்குள் கதவுக்கு வெளியே அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.