கல்லிலிருந்து தாளுக்கு வந்த கடவுள்கள்

தாம்பரத்துக்காரர்களுக்கு மாமல்லபுரம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம். மகிஷாசுரமர்த்தினி குகை முன்னால் செல்போனில் படம் எடுத்துத் திரும்புகிறார்கள்.

கேமரா வராத காலத்தில் நம் தெய்வ உருவங்கள் அச்சுப் படங்களாகவும் கடல் கடந்தன. எட்வர்ட் மூர் 1810இல் லண்டனில் வெளியிட்ட ‘இந்து பாந்தியன்’ நூல், செதுக்கிய தகடுகளைக் கொண்டு அச்சிட்ட தெய்வப் படங்களால் நிறைந்தது. மாமல்லபுரத்தைப் பற்றி வில்லியம் சேம்பர்ஸின் விவரிப்பு 1788இலேயே வெளிவந்திருந்தது. 1830இல் பெஞ்சமின் பாபிங்டன் அவ்வூர்ச் சிற்பங்களைப் பற்றிப் படங்களோடு எழுதி, அங்குள்ள பல்லவ கிரந்தக் கல்வெட்டுகளையும் படித்துக் காட்டினார். சென்னையில் அரசுப் பணி பார்த்துவிட்டுப் பிறகு மருத்துவரானவர் அவர்.

அந்நியர் கண்ணும் கையும் கலந்த படங்கள்தாம் அவை. ஆனாலும், உப்புக்காற்றில் தேயும் சிற்பங்களுக்குப் பழைய சாட்சி வேறு எங்கே கிடைக்கும்?

மாமல்லபுரம் போலவே பல்லாவரமும் பழமை சுமக்கும் ஊர்தான். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ஊர் அது. மகேந்திரவர்மன் குடைந்த குகையும் அங்கே இருக்கிறது. மூர், பாபிங்டன் நூல்களில் உள்ள பழைய படங்களின் பெரிய பிரதிகளைத் தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை நூலகங்களில் தமிழ் விளக்கத்தோடு அரசு மாட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு, பிறகு மாமல்லபுரத்துக்குப் பேருந்து ஏறட்டும்.