முதல் கேள்வி யாரை நோக்கி?

பாலியல் வல்லுறவுக்கு ஆளான பெண்ணிடம் "அந்நேரத்தில் அங்கே ஏன் போனாய்? ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்றுதான் பல வீடுகளில் முதலில் கேட்கிறார்கள். ஜாசின், அலோர் காஜா தோட்டங்களானாலும் மலாக்கா பட்டணமானாலும் இந்தக் கேள்வி புதிதல்ல.

இதன் பின்னால் உள்ள மனப்போக்கை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. சிங்கப்பூரில் பணியாற்றிய உளவியலாளர் காலின் வார்ட் 1988இல் அதை வெளியிட்டார். பெண்ணின் உடை, இரவில் தனியே வெளியே போவது, பொய்ப் புகார் என்ற சந்தேகம் போன்றவை பற்றி 25 வாசகங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஏற்கிறோம் என்று பதில் சொல்ல வேண்டும். பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் மாணவர்களிடம் இது பயன்படுத்தப்பட்டது. பிரிட்டன், ஜெர்மனி மாணவர்கள் பாதிக்கப்பட்டவரிடம் அதிகப் பரிவு காட்டினர். குறைவாகக் காட்டியோர் வரிசையில் இந்தியாவும் மலேசியாவும் இருந்தன.

அன்றைய மாணவர்களின் பதிலை இன்றைய தோட்ட மக்கள்மீது அப்படியே ஏற்றிவிட முடியாது. மொழியும் ஒரு சிக்கல். அதே வாசகத்தைத் தமிழில் கேட்கும்போது 'கற்பழிப்பு' என்று எழுதினால், குற்றம் செய்தவனை விட்டுவிட்டுப் பெண் எதையோ இழந்துவிட்டார் என்று சொல்லே தீர்ப்பளித்துவிடுகிறது. 'பாலியல் வல்லுறவு' என்றால் கவனம் குற்றத்தின்மேல் விழும்.

சட்டம் ஓரளவு மாறியிருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு மற்றவர்களோடு இருந்த பாலுறவு பற்றி நீதிமன்றத்தில் கேட்பதை, சில விதிவிலக்குகளோடு, 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 146ஏ பிரிவு தடுக்கிறது. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் தகவல் தராதவருக்கு, 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் வீட்டுத் திண்ணையில் நடக்கும் விசாரணைக்கு எந்தத் தடையும் இல்லை.

அந்த விசாரணையின் விலை பெரிது. குடும்ப மானம், ஊர்ப் பேச்சு என்று நாள் கடத்தும்போது உடலிலும் உடையிலும் உள்ள தடயங்கள் அழிகின்றன. வழக்கு பலவீனமாகிறது. பிறகு, "உண்மை என்றால் ஏன் உடனே புகார் செய்யவில்லை?" என்று அதே ஊர் கேட்கிறது.

குளிக்காமல், துணியைத் துவைக்காமல் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போகலாம். போலீஸ் புகாருக்கும் அங்கே வழிகாட்டுவார்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணிலும் உதவி கிடைக்கும்.

அதற்கு முன், வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "உனக்கு இப்போது என்ன உதவி வேண்டும்?"