ராஜாவுக்கு ஏன் கால் வலிக்கிறது?

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் மூன்றரைப் பக்கம் ராஜாவைப் பற்றி. ராஜா அவருடைய கணவர் அல்ல. எட்டு வயது லாப்ரடார் நாய். முன்பெல்லாம் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் மாடியிலிருந்து நாலே பாய்ச்சலில் இறங்கி வருவானாம். இப்போது படியின் அடியில் நின்று, மேலே அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறானாம். காலையில் எழுந்திருக்கும்போது பின்னங்கால்கள் பிடித்துக்கொள்கின்றன. மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இடுப்பு மூட்டில் தேய்மானம். ஆனால் முதலில் எடை குறையட்டும். 41 கிலோ இருக்கிறான், 30தான் இருக்கவேண்டும்" என்று சொல்லி, அதற்கென்றே தயாரித்த ஆகாரத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அன்று ஆரம்பித்தது வீட்டில் யுத்தம். "வாயில்லா ஜீவன், அதுவும் நோயாளி. அதன் வயிற்றில் அடிக்கலாமா?" என்கிறார் மாமியார். "அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோல் தோன்றுகிறது. நீங்கள்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார் சகோதரி.

மாமியார் மருமகள் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சாட்சிகளை மட்டும் கொண்டுவருகிறேன். மொத்தம் 48 பேர். அத்தனை பேரும் ராஜாவின் ஜாதி!

அமெரிக்காவில் நாய் ஆகாரம் தயாரிக்கும் பியூரினா கம்பெனி 1987ல் ஒரு சோதனையைத் தொடங்கியது. 48 லாப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவையாகப் பார்த்து, ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்குப் போட்டதில் முக்கால் பங்குதான் மற்றதற்கு. ஆகாரம் ஒன்றே, அளவுதான் வேறு. அந்த நாய்களின் ஆயுள் முடியும்வரை இப்படியே நடந்தது. முடிவு 2002ல் வெளியாயிற்று. நிறையச் சாப்பிட்டவற்றில் பாதி நாய்கள் 11.2 வயதுக்குள் போய்விட்டன. முக்கால் வயிறு சாப்பிட்டவற்றில் அந்தக் கணக்கு 13 வயது. மூட்டு விஷயத்தைப் பாருங்கள். முதல் கூட்டத்தில் பாதி நாய்களுக்கு 10.3 வயதுக்குள் மூட்டு வைத்தியம் தேவைப்பட்டது. குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு அந்த நிலை 13.3 வயதில்தான் வந்தது. மூன்று வருஷம் வலியில்லாமல் ஓடித் திரிந்திருக்கின்றன!

"கம்பெனிக்காரன் சோதனைதானே? தன் சரக்கை விற்கச் சொல்லியிருப்பான்" என்று யாராவது சொல்லலாம். தன் சரக்கைக் கால் பங்கு குறைத்துப் போடச் சொல்லும் வியாபாரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

கொழுப்பு என்பது உடம்பின்மேல் ஏற்றிவைத்த மூட்டை மட்டுமல்ல. மூட்டுகளில் அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் அது சுரக்கிறது. ஆகவே பாரத்தினால் ஒரு வலி, கொழுப்பினால் ஒரு வலி. ராஜா முழுசாக 11 கிலோவும் இறக்கிய பிறகுதான் சுகம் காணவேண்டும் என்பதில்லை. பருத்து நொண்டிக்கொண்டிருந்த 14 நாய்களை வைத்து நடந்து 2010ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், எடையில் 6 சதவிகிதம் குறைந்ததுமே நொண்டல் தெளிவாகக் குறைந்தது தெரிந்தது. ராஜாவுக்கு அது இரண்டரைக் கிலோ. வாரத்துக்குச் சுமார் 400 கிராம் வீதம் இறங்கினால் ஒன்றரை மாதம். மீதிக்கு இன்னும் ஐந்தாறு மாதம் ஆகும்; அவசரப்படக் கூடாது.

சரி, "அது ஒன்றும் அதிகம் சாப்பிடுவதில்லையே!" என்று எழுதியிருக்கிறீர்களே, சகோதரி, அதே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை மறுபடி படித்துப் பாருங்கள். காலையில் உங்கள் கணவர் காப்பி குடிக்கும்போது நாலு பிஸ்கோத்து. பத்து மணிக்குக் குழந்தைகள் தட்டில் மிச்சம் வைத்த இட்லி இரண்டு. மத்தியானம் மாமியார் கையால் நெய்விட்டுப் பிசைந்த சாதம். இதெல்லாம் போக அவனுடைய சொந்தச் சாப்பாடு இரண்டு வேளை! 30 கிலோவுக்கு இறங்கவேண்டிய நாய்க்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 900 கலோரியில் ஆரம்பிப்பார்கள். பிஸ்கோத்துகள் 100, இட்லி 100, ஒரு தம்ளர் சாதம் 200, ஒரு மேஜைக்கரண்டி நெய் 120. சாப்பாடு வருவதற்கு முன்பே 520 தீர்ந்துவிட்டது. வீட்டில் யாரும் அதிகம் போடவில்லை. எல்லோரும் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

"அப்படியானால் பழைய சாப்பாட்டையே பாதியாக்கிவிட்டால் என்ன? விசேஷ ஆகாரம் எதற்கு?" நல்ல கேள்வி. பாதியாக்கினால் கொழுப்பு மட்டுமா பாதியாகும்? புரதமும், தாது உப்புகளும், வைட்டமின்களும்கூடப் பாதியாகிவிடும். நாய் இளைக்கும், ஆனால் கொழுப்போடு தசையும் கரையும். தேய்ந்த மூட்டைத் தாங்கிப் பிடிப்பதே தசைதான். ஆகையால் எடைக் குறைப்பு ஆகாரத்தில் புரதத்தைக் கூட்டி, கொழுப்பைக் குறைத்து, வயிறு நிறைந்த திருப்தி தர நார்ச்சத்தைச் சேர்க்கிறார்கள்.

வியாதிக்கென்று நாய்க்குத் தனி ஆகாரம் என்பது நேற்று வந்த மோஸ்தர் அல்ல. மாரிஸ் பிராங்க் என்ற கண் தெரியாத அமெரிக்கருக்கு வழிகாட்டிய 'பட்டி' என்ற நாய்க்குச் சிறுநீரகக் கோளாறு வந்தபோது, டாக்டர் மார்க் மாரிஸ் என்ற மிருக வைத்தியர் அதற்கேற்ற ஆகாரத்தைத் தம் கையாலேயே தயாரித்துக் கொடுத்தார். கண்ணாடி ஜாடிகளில் அனுப்பினார், வழியில் உடைந்தன. அப்புறம் தகர டப்பாவுக்கு மாறினார். 1948ல் கான்சாஸ் மாகாணத்தில் ஒரு கம்பெனி அதை ஏற்றுப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது.

மூட்டுக்கென்றே விற்கும் ஆகாரங்களில் சாரமானது மீன் எண்ணெய்ச் சத்து. அதில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அழற்சியைத் தணிக்கிறது. இதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் மனுஷர் சாப்பிடும் மாத்திரையை நீங்களே உடைத்துப் போட வேண்டாம். அளவை வைத்தியர் சொல்லட்டும். குளுகோசமைன் பொடிக்கு இருக்கும் விளம்பரம் பெரிது, ஆதாரம் சிறிது. கையில் இருப்பது கொஞ்சம் பணம்தான் என்றால், பொடியை விட்டுவிட்டு எடைக் குறைப்பு ஆகாரத்தை வாங்குங்கள் என்பது என் கட்சி.

பூனை வளர்க்கும் சகோதரிகள் இதையெல்லாம் படித்துவிட்டுப் பூனையைப் பட்டினி போட்டுவிடக் கூடாது. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே, கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். புது ஆகாரத்தை முகர்ந்துவிட்டுப் போய்விட்டால் "பசித்தால் தானே தின்னும்" என்று வீம்பு பிடிக்காதீர்கள். பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். அவை தயிர்சாதத்தில் பிழைக்கும் ஜாதியும் அல்ல. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இருதயம் வீங்கிப் பலவீனமாகும் என்பது 1987ல் தெளிவாயிற்று. அது கிடைப்பது மாமிசத்திலும் மீனிலும்தான்.

இன்னொன்று. பூனை நொண்டிக் காட்டாது. ஜன்னல் விளிம்பில் தாவி உட்காருவதை நிறுத்திவிடும். முதுகை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும். வயசாகிவிட்டது என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002ல் எழுதினார்கள்: 12 வயது தாண்டியவற்றில் 90 சதவிகிதத்துக்கு மூட்டுத் தேய்மானம் இருந்ததாம். வலி என்று தெரிந்தாலும் நம் வீட்டு பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கும் நம்முடைய வலி மாத்திரைகள் ஆகாது.

உங்கள் வீட்டுப் பிராணி பருமனா இல்லையா என்று பார்க்கத் தராசுகூட வேண்டாம். கையை விரித்துப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். எலும்பு லேசாகத் தட்டுப்படும். விலாவைத் தடவினாலும் அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் பருமன். மடக்கிய முஷ்டியின் மொளிபோல் துருத்தினால், போதாத சாப்பாடு. அடிக்கடி செய்து பாருங்கள். தடவிக் கொடுப்பதாக நினைத்து அதுவும் சந்தோஷப்படும். சாப்பாடு குறைவாயிருந்தும் ஊதிக்கொண்டே போனால் தைராய்டு கோளாறாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டவேண்டும்.

மாம்பலத்துச் சகோதரி ஒரு காரியம் செய்யலாம். ராஜாவின் அன்றாட ஆகாரத்தைக் காலையிலேயே நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். அந்த டப்பாவையும் தராசையும் மாமியாரிடமே ஒப்படைத்துவிடுங்கள். கணவரோ குழந்தைகளோ ராஜாவுக்கு எது கொடுக்கவேண்டுமானாலும் அந்த டப்பாவிலிருந்துதான், அவர் அனுமதியோடுதான். பிசைந்து ஊட்டிய கைக்கு வேலை இல்லாமல் போய்விடக் கூடாது, பாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரித் தராசில் ராஜாவை நிறுத்துங்கள். முதல் இரண்டரைக் கிலோ இறங்கியதும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். மாமியார் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.