வேகமான அட்டையா, பொருந்தும் அட்டையா?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் மகள் தன் சேமிப்புக் கணக்கிலிருந்து முதன்முறையாகப் பெருந்தொகை ஒன்றை எடுத்தாள். அவளுடைய கணக்கில் அது பெருந்தொகைதான்: ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டே, எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம். அதைக் கொண்டு மும்பை லேமிங்டன் சாலையில் பழைய வரைகலை அட்டை ஒன்றை வாங்கி வந்தாள். கடைக்காரர்கள் கிராஃபிக்ஸ் கார்டு என்று சொல்வது இதைத்தான். கணினியில் விளையாட்டுகளை ஆடுவதற்கு அது இன்றியமையாதது. மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக் கணினி அடியோடு நின்றுபோனது.

அவள் வாங்கிய அட்டையில் எந்தக் குறையும் இல்லை. அது எங்கள் கணினிக்குப் பொருந்தாத அட்டை, அவ்வளவே. சிறு முதலீட்டில் பழைய அட்டை வாங்க எண்ணும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் அறிந்துகொள்வதற்காக அந்த அனுபவத்தையும், அதன் பின் நான் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு பெயர்கள்

பழைய பொருள் விற்கும் சந்தையில் குறைந்த விலையில் அட்டை கேட்டால் இரண்டு பெயர்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. மற்றொன்று, ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 570. முன்னது 2016 அக்டோபரில் 139 டாலர் விலையில் வெளிவந்தது. பின்னது 2017 ஏப்ரலில் 169 டாலர் விலையில் வெளிவந்தது. இன்று பழைய பொருளாக விற்கப்படும்போது இவ்விரண்டுக்கும் இடையே உள்ள விலை வேறுபாடு மிகச் சிறியது. எனவே வேகமானதையே வாங்கிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. என் மகளுக்கும் அவ்வாறே தோன்றியது.

வேகத்தில் ஐயமே இல்லை. 1050 டிஐ அட்டையில் 768 கணிப்பு அலகுகள் உள்ளன. 570 அட்டையில் 2048 உள்ளன. இரு நிறுவனங்களின் அலகுகளும் ஒரே தன்மையன அல்ல என்பதால் இந்த எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது சரியாகாது. நினைவகத்தை ஒப்பிடலாம். 1050 டிஐ நொடிக்கு 112 ஜிகாபைட் தரவைக் கையாளும். 570 அதன் இருமடங்கு, அதாவது 224 ஜிகாபைட். முன்னதில் 4 ஜிகாபைட் நினைவகம் உண்டு. பின்னது 4, 8 என இரு அளவுகளில் வந்தது. விளையாடும்போது 570 அட்டை, விளையாட்டைப் பொறுத்து, மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூடுதலான காட்சிகளைத் திரைக்குத் தரும். தாளில் எழுதிப் பார்த்தால் போட்டி இத்துடன் முடிந்துவிடுகிறது.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

அட்டையின் பெட்டியில் பெரிய எழுத்தில் இராத ஓர் எண்ணை நாங்கள் பார்க்கத் தவறினோம். 1050 டிஐ 75 வாட் மின்திறன் கொண்டது. தாய்ப்பலகையில் அட்டையைச் செருகும் பொந்து அதிகபட்சமாக 75 வாட் வரை தர வல்லது. ஆகவே பெரும்பாலான 1050 டிஐ அட்டைகளுக்குத் தனியாக மின்கம்பி தேவையில்லை, செருகினால் போதும். 570 அட்டைக்கு 150 வாட் வேண்டும். எனவே எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து ஆறு முனை அல்லது எட்டு முனை கொண்ட தனி இணைப்பு அதற்குக் கட்டாயம் தேவை.

எங்கள் வீட்டுக் கணினி, அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டுப் புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் மாணவர் உள்ள வீடுகள் பலவற்றில் இத்தகைய கணினிகளே இருக்கின்றன. விலை குறைவு, உழைப்பு அதிகம் என்பதால் அவை நல்ல கணினிகள்தாம். ஆனால் அவற்றின் எஸ்.எம்.பி.எஸ். கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டது. எங்களுடையது 240 வாட். அதில் வரைகலை அட்டைக்கான தனி இணைப்பு இல்லை.

கடைக்காரர் 150 ரூபாய்க்கு ஒரு மாற்றுக் கம்பி கொடுத்தார். வன்வட்டுக்குச் செல்லும் மின்சாரத்தைப் பிரித்து அட்டைக்குக் கொடுக்கும் கம்பி அது. முதல் நாள் விளையாட்டைத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கணினி அணைந்தது. இரண்டாம் நாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் ஒரு கருகிய வாடை. அதன் பின் விசைப்பொத்தானை அழுத்தியும் அசைவில்லை. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்கி மாட்டலாம் என்றால், அதன் முனைகள் எங்கள் தாய்ப்பலகையில் பொருந்தவில்லை. அலுவலகக் கணினிகள் பலவற்றில் இம்முனைகள் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். தேடி அலைந்து, அதே வகையைச் சேர்ந்த ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கினோம். அட்டையை 5,200 ரூபாய்க்கு விற்றோம். அட்டையில் 1,300, எஸ்.எம்.பி.எஸ். 2,800, கம்பி 150 என மொத்த இழப்பு 4,250 ரூபாய். என் மகளின் இரண்டு மாத உழைப்பு அது.

ஆகவே என் கருத்து இதுதான்: அட்டையின் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் கணினியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ். மீது ஒட்டப்பட்டிருக்கும் தாளைப் படியுங்கள். அதில் 450 வாட் அல்லது அதற்கு மேல் எழுதப்பட்டு, நம்பத்தகுந்த நிறுவனத்தின் பெயரும், ஆறு அல்லது எட்டு முனை இணைப்பும் இருந்தால் 570 அட்டையைத் தயங்காமல் எண்ணிப் பார்க்கலாம். இல்லையெனில் 1050 டிஐ ஒன்றே உங்களுக்குரியது. அதிலும் தனி மின்கம்பி கேட்கும் சில வடிவங்கள் உண்டு. பார்த்து வாங்க வேண்டும். ஒல்லியான கணினிப் பெட்டி வைத்திருப்போருக்கு அரை உயர வடிவிலும் 1050 டிஐ கிடைக்கிறது.

வேகம் யாருக்கு வேண்டும்?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் உள்ள திரைகள் பெரும்பாலும் நொடிக்கு 60 முறை மட்டுமே காட்சியைப் புதுப்பிப்பவை. வேலரன்ட் போன்ற இலகுவான போட்டி விளையாட்டுகளில் இரண்டு அட்டைகளும் அந்த 60-ஐ எளிதில் தாண்டும். 2015-இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5 விளையாட்டையும் இரண்டிலும் நன்றாகவே ஆடலாம். அதன் பின் வந்த கனமான விளையாட்டுகளில்தான் 570 அட்டையின் வலிமை கண்ணுக்குத் தெரியும். அங்கே 8 ஜிகாபைட் வடிவத்துக்குக் கூடுதல் மதிப்பும் உண்டு.

மிக அண்மைய விளையாட்டுகளோ இரண்டையுமே கைவிட்டுவிட்டன. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதத்தில் வந்த டூம் விளையாட்டும் ஒளிக்கதிர்களைக் கணிக்கும் தனி வன்பொருளைக் கேட்கின்றன. இவ்விரு அட்டைகளிலும் அது கிடையாது. ஏஎம்டி நிறுவனம் 2023 இறுதியில் 570 உள்ளிட்ட தலைமுறையைத் தன் முதன்மை மென்பொருள் வரிசையிலிருந்து பிரித்துவிட்டது. என்விடியாவும் 1050 டிஐ உள்ளிட்ட தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான மேம்பாடுகளை 2025 அக்டோபருடன் முடித்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாக அறிவித்தது. ஆகவே, பழைய நல்ல விளையாட்டுகளை ஆட விரும்புவோர்க்கே இவை உகந்தவை.

மின்கட்டணத்தையும் கணக்கிடுவோம். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 75 வாட். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் முழுவீச்சில் ஆடினால் ஆண்டுக்குச் சுமார் 82 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 575 ரூபாய். இதற்காக ஒருவர் முடிவை மாற்ற வேண்டியதில்லை. எஸ்.எம்.பி.எஸ். செலவோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இதுவும் கணக்கில் ஏறுகிறது.

சந்தையில் எச்சரிக்கை

570 அட்டைகளுக்கு ஒரு கடந்த காலம் உண்டு. எத்தீரியம் என்னும் மறையீட்டு நாணயத்தை ஈட்டுவதற்காக இவ்வகை அட்டைகளை வரிசையாக அடுக்கி இரவும் பகலும் இயக்கினார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அந்தப் பணிக்கு அட்டைகளின் தேவை அற்றுப்போய், அவை பழைய பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன. அப்படி உழைத்த அட்டை எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசிறி தேய்ந்திருக்கலாம். உள்ளிருக்கும் கட்டளைத்தொகுப்பு மாற்றப்பட்டிருக்கலாம். கடையிலேயே அரை மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

1050 டிஐ பக்கமோ போலிகள் மிகுதி. மிகப் பழைய அட்டை ஒன்றின் உட்தகவலை மாற்றி 1050 டிஐ எனக் காட்டும் ஏமாற்று நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் இத்தகைய போலிகள் பலவற்றைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். அதே மென்பொருளால் இன்னொன்றையும் அறியலாம். ஆர்எக்ஸ் 580 என்று கூடுதல் விலை சொல்லப்படும் அட்டையில் 2048 அலகுகள் மட்டுமே இருந்தால், அது உண்மையில் 570-க்கு நிகரானதே. முழுமையான 580 அட்டையில் 2304 அலகுகள் இருக்கும்.

தனியாரிடம் இணையவழியில் வாங்குவோர் பொருளைக் கண்ணால் காணும் முன் முன்பணம் அனுப்ப வேண்டாம். உங்கள் பழைய அட்டையை விற்கும்போது, பணம் பெறுவதற்காக யுபிஐ இரகசிய எண்ணை இடுமாறு எவரேனும் சொன்னால் உடனே விலகிவிடுங்கள். அந்த எண் பணம் செலுத்துவதற்கு மட்டுமே. பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

கடன் வாங்கலாமா?

வங்கியின் இதழில் இதை எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எட்டு, ஒன்பது ஆண்டுகள் பழைமையான, உத்தரவாதம் முடிந்த ஒரு பொருளைக் கடன் அட்டைத் தவணையில் வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. தவணை முடியுமுன் பொருள் நின்றுபோகலாம், தவணை நிற்காது. அதே தொகையை மாதந்தோறும் தொடர் வைப்புக் கணக்கில் இட்டு வந்தால், ஓராண்டில் உத்தரவாதத்துடன் கூடிய புதிய அட்டை ஒன்றை வாங்கலாம். அதற்குள் ஆசை தணிந்துவிட்டால் பணமேனும் மிஞ்சும்.

கையில் உள்ள சேமிப்பிலிருந்து, இழந்தாலும் வீடு தடுமாறாத தொகைக்கு, பொறுமையாகச் சோதித்துப் பழைய அட்டை வாங்குவதில் தவறேதும் இல்லை. குப்பைக்குப் போக வேண்டிய மின்னணுப் பொருள் இன்னும் சில ஆண்டுகள் பயன்படுவது நல்லதே.

570 அட்டையை விற்ற பணத்துக்குள்ளேயே என் மகள் ஒரு 1050 டிஐ வாங்கினாள். இம்முறை கடையிலேயே அரை மணி நேரம் நின்று, ஓட்டிப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தாள். 570 அட்டையை வாங்க வந்த இளைஞரிடம் அவள் முதலில் விலை பேசவில்லை, "உங்கள் எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட், அண்ணா?" என்று கேட்டாள். அவரிடம் 550 வாட் பெட்டி இருந்தது. அந்த அட்டை அங்கே இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதாக அறிகிறேன். எங்கள் வீட்டில் அதைவிட மெதுவான அட்டை இருக்கிறது, கணினி அணைவதில்லை.