எட்டுப் பேர் கொடுக்கும் ஒரு தையல் மெஷின்

ஒரு தையல் மெஷினைக் கொடுக்க எத்தனை பேர் வேண்டும்? எங்கள் ஊர்க் கணக்குப்படி எட்டுப் பேர். தலைவர், செயலாளர், பொருளாளர், பட்டயத் தலைவர், உடனடி முன்னாள் தலைவர், மண்டலத் தலைவர், மாவட்ட ஆளுநர், அப்புறம் ஆளுநரின் துணைவியார். எட்டுப் பேரும் மெஷினில் எங்காவது ஓரிடத்தில் கை வைத்திருப்பார்கள். கை எட்டாதவர் முன்னால் நிற்பவரின் தோளில் வைத்திருப்பார். வாங்குகிறவர் ஒருவர்தான். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவர் தரையைப் பார்ப்பார். "யம்மா, கேமராவப் பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று ஒரு குரல் வரும்.

பதினான்கு வருடமாக இந்தப் படங்களோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன். பிளெக்ஸ் டிசைன் பண்ணுவது என் தொழில். சேவைச் சங்கங்களின் விழா என்றால் எங்கள் கடைக்கு வேலை வரும். யார் முகம் எவ்வளவு பெரிது, யார் யாருக்கு இடப்பக்கம், யார் பெயருக்கு முன்னால் எத்தனை பட்டம் என்பதற்கெல்லாம் அவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு முன்னாள் தலைவரின் முகம் இன்னொருவருடையதைவிட அரை அங்குலம் சிறிதாகப் போனதற்காக ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்திருக்கிறது. ஆனால் இத்தனை வருடத்தில் வாங்குகிறவர் பெயரைச் சரியாகப் போடச் சொல்லி ஒரு போன்கூட வந்ததில்லை. அவர்களுக்கென்று ஒரே வரிதான் உண்டு: 'ஏழை எளியோர்க்கு நலத்திட்ட உதவிகள்'.

சேவைச் சங்கங்களே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அவர்கள் செய்த உருப்படியான வேலைகளை அவர்களே மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் வழக்கு.

ரோட்டரி 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் ஆரம்பித்தது. முதலில் அது வியாபாரிகளும் தொழில்காரர்களும் ஒருவர் அலுவலகத்தில் ஒருவர் மாறி மாறிக் கூடிய நட்பு வட்டம். சுழற்சி முறையில் கூடியதால்தான் அந்தப் பெயர். அந்த வட்டம் ஊருக்காக எடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? பொதுக் கழிப்பறை. நகர மன்றக் கட்டடத்தின் பக்கத்தில் மக்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று 1907 வாக்கில் இயக்கம் நடத்தினார்கள். மதுத் தொழில்காரர்கள் எதிர்த்தார்கள். கழிப்பறைக்காக மதுக்கடைக்குள் வருகிறவன் ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போவான், அந்த வியாபாரம் போய்விடுமே! பெரிய ஜவுளிக்கடை முதலாளிகளும் எதிர்த்தார்கள். அதையும் தாண்டி 1909-இல் கழிப்பறை வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, அந்தச் சேவையில் பயனாளியோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வழியே இல்லை என்பது. நல்ல சேவைக்கு இதையே ஒரு உரைகல்லாக வைக்கலாம் என்று தோன்றுகிறது. போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் ரோட்டரி போலியோ ஒழிப்புக்காக 12 கோடி டாலர் திரட்டுவது என்று இறங்கி, 1988-க்குள் அதைப்போல இரண்டு மடங்கு திரட்டியது. பிறகு உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அரசாங்கங்கள் எல்லாம் சேர்ந்த பெரிய வேலையில் தானும் ஒரு தோள் கொடுத்தது. இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானது. 2014 மார்ச்சில் நமக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது. உங்கள் வாயில் விழுந்த சொட்டுக்கு யார் காசு கொடுத்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? யாருக்கும் நன்றிக்கடன் படாமல் நீங்கள் ஓடியாடி வளர்ந்தீர்கள்.

ரத்த தானமும் அப்படித்தான். கொடுத்தவருக்கு வாங்கியவர் யாரென்று தெரியாது. அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராம முகாம்களுக்கு உள்ளூர்ச் சங்கங்கள் செய்யும் வேலை, பள்ளிக்கூடத்தை ஏற்பாடு செய்வது, ஊர் ஊராகச் சொல்லி ஆள் சேர்ப்பது, செலவை ஏற்பது. ஆபரேஷன் முடிந்து திரும்புகிற பாட்டிக்குப் பார்வைதான் ஞாபகம் இருக்கும், பேனர் இருக்காது. கொங்குப் பக்கம் சில ஊர்களில் மின்மயானத்தை ரோட்டரிக்காரர்கள் பராமரிக்கிறார்கள். இதைவிடப் பெரிய சேவை எனக்குத் தெரியாது. அங்கே வருகிற பயனாளியைச் சிரிக்கச் சொல்ல யாராலும் முடியாது.

அப்படியானால் எங்கே கெட்டுப்போனது? என் பதில், ஜூலை 1.

ரோட்டரி, லயன்ஸ் இரண்டுக்கும் ஆண்டு ஜூலை 1-இல் பிறந்து ஜூன் 30-இல் முடிகிறது. ஆண்டுக்கொரு தலைவர். அவருக்குக் கையில் இருப்பது பன்னிரண்டு மாதம். அதற்குள் 'என் ஆண்டில்' என்று சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டும். போன வருடத் தலைவர் ஒரு பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்திருப்பார். அதற்கு இப்போது ஃபில்டர் மாற்றவேண்டும். மாற்றினால் யார் பெயர் வரும்? கல்வெட்டில் ஏற்கெனவே அவர் பெயர் இருக்கிறதே! ஆகவே இவர் வேறொரு பள்ளிக்குப் புது இயந்திரம் வைப்பார். எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் அப்படி இரண்டு இயந்திரங்கள் நிற்கின்றன, இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் நினைவுச் சின்னங்களாக. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.

இதைச் சொன்னால், "தமிழனுக்குப் பேர் பொறிக்கிறது என்ன புதுசா? கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தையே மறைத்தவர்கள்தானே நாம்" என்பார்கள். உண்மைதான். ஆனால் கல்வெட்டை முழுசாகப் படியுங்கள். சோழர் காலத்தில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு வைக்கிறவர் அதோடு பெரும்பாலும் 96 ஆடுகளையும் கொடுத்தார். அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று அதற்குப் பெயர். ஆடு செத்தாலும் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது, விளக்கு அணையக் கூடாது. கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. நெய் எங்கிருந்து வரும் என்பதும் அதே கல்லில் இருக்கிறது. நாம் அந்தக் கல்வெட்டின் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆடுகளை விட்டுவிட்டோம்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கல்லில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்தவர்களின் முகத்தை யாரும் செதுக்கி வைக்கவில்லை.

முகம் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு தடவை ஓர் அம்மா கடைக்கு வந்தார். கணவர் இறந்து இரண்டு வருடம். ஒரு சங்கம் அவருக்குத் தையல் மெஷின் கொடுத்திருந்தது. மேடையில் பக்கத்தில் நின்ற மகளும் படத்தில் விழுந்துவிட்டாள். அந்தப் படம் பேனரில் ஏறி, வாட்ஸ்அப்பில் சுற்றி, வகுப்பு முழுக்கப் பரவி, அவள் மூன்று நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. "தம்பி, நான் இருந்தா பரவாயில்ல. பாப்பாவ மட்டும் அழிச்சிட முடியுமா?" என்று கேட்டார். நான் சங்கத்துக்குப் போன் போட்டேன். "படம் இல்லாம மாவட்டத்துக்கு ரிப்போர்ட் எப்படிப்பா அனுப்புறது?" என்று திருப்பிக் கேட்டார்கள். கெட்டவர்கள் இல்லை, நிஜமாகவே அவர்களுக்குப் புரியவில்லை. அந்த விழாவுக்குப் பிளெக்ஸ், அழைப்பிதழ், ஷீல்டு என்று நான் போட்ட பில்லில் இன்னொரு தையல் மெஷின் வாங்கியிருக்கலாம்.

ரோட்டரிக் கூட்டங்களில் நாற்கேள்விச் சோதனை என்று ஒன்றைச் சொல்வார்கள். நொடித்துப்போன கம்பெனி ஒன்றைத் தூக்கி நிறுத்துவதற்காக ஹெர்பர்ட் டெய்லர் 1932-இல் எழுதியது. அதில் ஒரு கேள்வி, செய்கிற காரியம் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமாக இருக்கிறதா என்பது. அந்தச் சிறுமியும் சம்பந்தப்பட்டவள்தானே? அவளிடம் கேட்டது யார்?

"அரசாங்க விழாவில் மட்டும் படம் எடுப்பதில்லையா" என்பது அடுத்த கேள்வி. எடுக்கிறார்கள். விலையில்லா சைக்கிள் கொடுக்கும்போது எம்.எல்.ஏ. வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் செய்கிறார். ஆனால் அவர் வராவிட்டாலும் சைக்கிள் வரும். பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு அது தெரியும். காலை உணவுக்காக உட்காரும் பிள்ளை யாருக்கும் கும்பிடு போடுவதில்லை. வகுப்பே சேர்ந்து சாப்பிடுகிறது. அதில் யார் ஏழை என்று தட்டைப் பார்த்துச் சொல்லமுடியாது. உரிமையாக வருவதற்கும் தயவாக வருவதற்கும் உள்ள தூரம் அந்தக் கும்பிடுதான்.

"குறை சொல்கிற நீ என்ன கொடுத்தாய்" என்ற கடைசிக் கேள்வியும் வரும். கொடுத்தவனுக்குத்தான் கேட்கும் உரிமை என்றால், வாங்கியவர் வாயைத் திறக்கவே முடியாது. இந்தப் படங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் கல்லூரி ரோட்டராக்டிலோ லியோவிலோ இருப்பீர்கள். விழாவில் கேமராவை உங்கள் கையில்தான் கொடுப்பார்கள். உங்களால் மூன்று விஷயங்கள் முடியும். பொருளைப் படம் எடுங்கள், பில்லைப் படம் எடுங்கள், வாங்குகிறவர் முகத்தை எடுக்காதீர்கள். ரிப்போர்ட்டுக்கு அது போதும். இரண்டாவது, ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் கேளுங்கள்: போன வருடம் கொடுத்தது இந்த வருடம் ஓடுகிறதா? ஃபில்டர் மாற்றியதற்கும் ஒரு கைத்தட்டல் கிடைக்கட்டும். மூன்றாவது, ஜூலையில் புதுத் தலைவர் 'என் ஆண்டில் என்ன செய்யலாம்' என்று கேட்டால், ஊர்ப் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு நடை கூட்டிப்போய் அங்கே உள்ள கழிப்பறையைக் காட்டுங்கள். அவர்கள் ஆரம்பித்த இடம் அதுதான். அதைச் சுத்தமாக வைக்க ஒரு ஆளுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்து, பன்னிரண்டு மாதமும் தண்ணீர் வரச் செய்யட்டும். வாசலில் தலைவர் பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பிளெக்ஸை நான் இலவசமாக அடித்துத் தருகிறேன்.