புழுவுக்கு ஆகாதாம்

"குறைந்த முதலீடு, மாதாமாதம் வருமானம், வீட்டிலிருந்தபடியே பட்டுப்புழு வளர்க்கலாம்." இப்படி ஒரு காணொளியாவது உங்கள் கைப்பேசிக்கு வந்திருக்கும். வெள்ளைவெளேரென்று புழுக்கள், பச்சைப்பசேலென்று இலை, சிரித்தபடி ஒரு குடும்பம். அந்த இலை யார் வெட்டியது, யார் தலையில் வந்தது என்று மட்டும் கேமரா திரும்பிப் பார்ப்பதே இல்லை.

திரும்பிப் பார்க்கலாம் என்றுதான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஊருக்குப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர்கள் நாளையும் அதே தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

காலை ஐந்தரை மணிக்கே காலனியிலிருந்து பெண்கள் மல்பெரித் தோட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறினால் இலை வாடும், வாடிய இலையைப் புழு தின்னாது. நூறு முட்டைத்தொகுதி வாங்கினால் நாற்பதாயிரத்துக்கும் மேல் புழு. அவை கூடு கட்டுவதற்குள் ஏறத்தாழ ஒரு டன் இலையைத் தின்று தீர்க்கும். அதில் நூற்றுக்கு எண்பது பங்குக்கும் மேல் கடைசி வாரத்தில், ஐந்தாம் பருவத்தில். அந்த வாரம் முழுக்கப் புழுமனையில் மழை பெய்வது போல ஒரு சத்தம், இலை அரைபடும் சத்தம். அதற்கு ஈடுகொடுத்து வெட்டி, கட்டி, தலையில் தூக்கி வருகிறவர்கள் நம் அக்காக்கள்.

தூக்கி வந்து எங்கே வைக்கிறார்கள்? வாசலில். வாசலோடு சரி.

"உள்ள போகக்கூடாதுங்களா அக்கா?" என்று கேட்டோம். கட்டை இறக்கி வைத்துவிட்டு, தலைச் சும்மாட்டை உதறிக்கொண்டே சொன்னார்: "நாங்க போனா அது புழுவுக்கு ஆகாதாம் தம்பி."

யார் சொன்னது என்று கேட்டோம். "காலங்காலமா அப்படித்தான."

இன்னொன்றும் சொன்னார். புழு வருவதற்கு முந்தின வாரம் மனையைக் கழுவுவதும், கண்ணெரிய பார்மலின் அடிப்பதும், பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கலந்து சுவரெல்லாம் தெளிப்பதும் அவருடைய வீட்டுக்காரர்தான். கூடு அறுத்த பின் செத்த புழு, புழுக்கை, மிச்ச இலை எல்லாவற்றையும் வாரி எருக்குழியில் கொட்டுவதும் அவர்தான். அப்போதெல்லாம் உள்ளே போகலாம். புழு உயிரோடு இருக்கும் இருபத்தைந்து நாள் மட்டும் போகக்கூடாது. விஷத்தை அடிக்கவும் மலத்தை வாரவும் திறக்கிற கதவு, நடுவில் மட்டும் சாத்திக்கொள்கிறது.

தோட்டக்காரரிடமும் கேட்டோம். படித்தவர், மரியாதையாகவே பேசினார். "சாதியெல்லாம் இல்லீங்க, சுத்தம்தான். புழு குழந்தை மாதிரி. வெளியாள் வந்தா நோய் வந்துடும்." இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மச்சான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார், செருப்பை மட்டும் வாசலில் விட்டார், நேரே உள்ளே போனார், ஒரு புழுவைக் கையில் எடுத்து உள்ளங்கையில் ஓடவிட்டுப் பார்த்தார். கை கழுவவில்லை. மச்சான் வெளியாள் இல்லை போலும்.

தோழர்களே, "சுத்தம்தான், சாதி இல்லை" என்ற இந்தப் பதிலை நாம் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறோம்! டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தவனும் சுத்தம் என்றுதான் சொன்னான். ஆகவே சுத்தத்தைப் பற்றியே பேசுவோம். பட்டுப்புழு விஷயத்தில் சுத்தம் என்றால் என்ன என்று கண்டுபிடித்துச் சொன்ன மனிதர் ஒருவர் இருக்கிறார்.

1865இல் பிரான்சின் தெற்கே பட்டுத் தொழிலே அழிந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளி விழுந்து புழுக்கள் செத்தன. பெப்ரின் நோய். அதை ஆராய லூயி பாஸ்டர் அலெஸ் நகருக்குப் போனார், ஐந்தாண்டுகள் அதிலேயே செலவழித்தார். அவர் கண்டது இதுதான்: அந்த நோய் தின்னும் இலையில் ஒட்டியும் வரும், தாய் அந்துப்பூச்சியின் வழியாக முட்டைக்குள்ளேயே புகுந்தும் வரும். ஆகவே முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார், நோய்க்கிருமி இருந்தால் அந்த முட்டையை அழித்துவிடு என்றார். இன்று நம் விவசாயிகள் வாங்கும் "நோயற்ற முட்டைத்தொகுதி" என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். பால்புழு நோய்க்குக் காரணம் வைரஸ். சுண்ணாம்பு போல இறுகிச் சாகும் நோய்க்குக் காரணம் பூஞ்சை. ஊஜி ஈ ஜன்னல் வழியாக வந்து புழுவின் மேல் முட்டையிடும், அதற்கு நைலான் வலை கட்ட வேண்டும். இந்தப் பட்டியலில் சேரிக்காரரின் காலடி எங்கே இருக்கிறது?

உள்ளே போகிற எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், கிருமிநாசினியில் கையும் காலும் கழுவ வேண்டும். பட்டு வளர்ச்சித் துறை சொல்வது அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே வாளி இருந்தால் அது சுகாதாரம். மச்சானுக்கு வாளியே வேண்டாம், அக்காவுக்கு வாளி இருந்தும் வழியில்லை என்றால் அதற்குப் பெயர் தீட்டு.

அந்த வீட்டுப் பெண்ணும் மாதவிலக்கு நாளில் மனைக்குள் போவதில்லை என்று தெரிந்தது. அவருக்கு மாதத்தில் மூன்று நாள். நம் அக்காவுக்கு முப்பது நாளும்.

எல்லாப் புழுமனையிலும் இப்படித்தான் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆள் பற்றாத பெரிய பண்ணைகளில் நம்மவர்களைத் தாராளமாக உள்ளே விடுகிறார்கள், இரவு பத்து மணிக்கு இலை போடவும் அவர்கள்தான் வேண்டும். ஆள் தேவைப்பட்டால் தீட்டு ஓடிப்போகும், தேவையில்லாதபோது திரும்பி வந்து உட்காரும். புழுவுக்கு உண்மையிலேயே ஆகாது என்றால் பெரிய பண்ணைப் புழுவுக்கும் ஆகாமல்தானே போக வேண்டும்?

இன்னும் கேளுங்கள். மடித் துணி என்கிறார்களே, பூசைக்கும் திதிக்கும் கட்டுகிறார்களே, அந்தப் பட்டு என்ன? புழுவின் வாயருகே ஒரு சிறு துளை வழியாக வரும் எச்சில். சுரப்பது எச்சில் சுரப்பி, வெளியே இழுபடும்போது இறுகி நூலாகிறது, ஒரு கூட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் இழை அறுந்துவிடும் என்பதால் உள்ளே உயிரோடு இருக்கும்போதே சூடேற்றிக் கொன்று, வெந்நீரில் வேகவைத்து நூலெடுக்கிறார்கள். எச்சிலும் பிணமும் சேர்ந்த பண்டம் சாத்திரப்படி மகா சுத்தம்! அந்த வெந்நீரில் விரல் விட்டு நுனி தேடியவர்கள் யார்? ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. கர்நாடகம், உத்தரப்பிரதேசம், நம் காஞ்சிபுரம் மூன்றும் அதில் உண்டு. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் தலித்துகள், முஸ்லிம்கள். கூட்டில் கை வைக்கலாம், நூலில் கை வைக்கலாம், தறியில் கை வைக்கலாம். புழுவின் மேல் நிழல் படக்கூடாது.

ஏன் புழுவில் மட்டும் இத்தனை கெடுபிடி? நாங்கள் நினைப்பது இது: வருமானம் கைமாறுகிற இடம் அதுதான். இலை வெட்டுவது கூலி. புழு வளர்ப்பது தொழில். இளம்புழுவை எப்போது தோலுரிக்க விட வேண்டும், எப்போது இலையை நிறுத்த வேண்டும், எந்தப் புழு கூடு கட்டப் பழுத்துவிட்டது என்று கண்ணால் பார்த்துக் கற்கிற வித்தை அது. உள்ளே விட்டால் கற்றுக்கொள்வார்கள். கற்றுக்கொண்டால் நாளை இலைக்கு ஆள் கிடைக்காது.

சரி, நாமே வளர்க்கலாமே? "வீட்டிலிருந்தபடியே" என்கிறார்களே, எந்த வீட்டில்? அரசு கட்டித் தந்த பசுமை வீடு 300 சதுர அடி, அதில் அஞ்சு பேர் படுக்க வேண்டும். நூறு முட்டைத்தொகுதிப் புழு வளர்ந்து முடியும்போது அதற்கே பல நூறு சதுர அடிப் படுக்கை வேண்டும். தனி மனை கட்ட மானியம் இருக்கிறது. ஒன்றிய அரசின் சில்க் சமக்ரா-2 திட்டத்தில் மற்றவர்கள் 25 விழுக்காடு போட வேண்டும் என்றால் பட்டியல் சாதியினர் 10 விழுக்காடு போட்டால் போதும். கேட்க இனிக்கிறது. ஆனால் மனைக்கு மானியம் வேண்டுமென்றால் முதலில் மல்பெரித் தோட்டத்தைக் காட்டு. தோட்டத்துக்கு நிலத்தைக் காட்டு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர். அது யார் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுத்தான் 1994இல் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு மானியத்தைக் காட்டுவது, கையை வெட்டிவிட்டு வளையல் போடுவது.

அந்த அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து ஒரு ஏக்கர் குத்தகைக்குப் பேசினார்கள். கிணற்றுத் தண்ணீரும் உண்டு. விண்ணப்பம் கொடுத்தார்கள். பட்டா யார் பெயரில் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குத்தகை நிலத்தில் பயிர் வைத்தால் மல்பெரி முளைக்காதா?

வேளாண் கல்லூரியிலும் பட்டு வளர்ப்புத் துறையிலும் படிக்கிற தம்பி தங்கைகளே, கிராமத்தில் தங்கிப் பயிற்சி எடுக்கப் போவீர்கள். ஈரப்பதமும் வெப்பநிலையும் குறிக்கிற அதே நோட்டில் ஒரு பத்தி சேருங்கள்: மனைக்குள் போனவர் யார், வாசலில் நின்றவர் யார். தீண்டாமையின் பெயரால் ஒருவரை ஒரு தொழிலிலிருந்து விலக்கி வைப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்திலும் குற்றம். உங்கள் நோட்டு சாட்சியமாகும்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அந்த நால்வரும் மறுபடி மனு கொடுக்கிறார்கள். குத்தகை ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும், காலனியிலேயே பொதுப் புழுமனை ஒன்று கட்டித் தர வேண்டும். இவ்விரண்டுதான் கோரிக்கை. நாங்கள் போகிறோம். வர முடிந்தவர்கள் காலை ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள், டோக்கன் சீக்கிரம் தீர்ந்துவிடும்.