படத்தில் இல்லாத எஃகு

வாய்மொழித் தேர்வில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இரும்பு-கார்பன் சமநிலைப் படத்தை மேசைமேல் விரித்துவைத்து, "இதுல மார்ட்டென்சைட் எங்கம்மா இருக்கு?" என்பேன். 727 டிகிரிக் கோடும் 0.8 சதவீதக் கார்பனும் தலைகீழாகத் தெரிந்த பிள்ளையின் விரல், படம் முழுக்க ஊர்ந்து தேடும். "இதுல இல்ல சார்" என்று துணிந்து சொல்பவர்கள் அரிது.

இல்லைதான். கொல்லர் பழைய லாரிப் பட்டையைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, அடித்து, அரிவாளின் வாயைத் தண்ணீரில் அமிழ்த்துகிறாரே, அந்தச் 'சுர்'ரென்ற நொடியில் பிறப்பது மார்ட்டென்சைட். அணுக்கள் சமநிலைக்குப் போய்ச் சேர நேரம் கொடுக்காததால் கிடைக்கும் கடினம் அது. சமநிலையை மட்டுமே காட்டும் படத்தில் அதற்கு எப்படி இடம் இருக்கும்?

பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். பல கல்லூரிகளில் தெர்மோ ஒரு செமஸ்டர், கைனடிக்ஸ் வேறொரு செமஸ்டர், நடத்துபவரும் வேறு. ஒரு பொருள் எங்கே போக விரும்புகிறது என்பதை முதல் தாளில் எழுதி முடித்து, எவ்வளவு நேரத்தில் போகும் என்பதை அடுத்த வருடம் படிக்கிறார்கள். இரண்டும் ஒரே எஃகுத் துண்டுக்குள் ஒரே சமயத்தில் நடக்கும் சங்கதி என்பது யார் வகுப்பிலும் வருவதில்லை.

தெர்மோவை மட்டும் நம்பினால், வீட்டு அலுமினிய இட்லிப் பானை எப்போதோ வெள்ளைப் பொடியாகியிருக்க வேண்டும். ஒரு மோல் அலுமினா உருவாகும்போது குறையும் கட்டிலா ஆற்றல் சுமார் 1,580 கிலோ ஜூல். எல்லிங்ஹாம் 1944இல் வெளியிட்ட படத்தில் அலுமினியத்தின் கோடு இரும்பின் கோட்டுக்கு வெகு கீழே கிடக்கிறது. ஆக்சிஜன் மீது இரும்பைவிட அதற்குத்தான் வேட்கை அதிகம். ஆனால் துருப்பிடித்து உதிர்வது இரும்புச் சட்டி. சில நானோமீட்டர் தடிமனில் படியும் அலுமினா படலம், அடுத்த ஆக்சிஜன் உள்ளே விரவ வழிவிடாமல் பானையைக் காக்கிறது. எல்லிங்ஹாம் படத்தைப் பதினாறு மார்க்குக்கு அழகாக வரைந்துவிட்டு, பானையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் முழு மதிப்பெண் வாங்கலாம்.

இரண்டு பாடமும் கைகுலுக்கும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் டேவன்போர்ட், பெயின் இருவரும் 1930இல் வெளியிட்ட, எந்த வெப்பநிலையில் எஃகு மாற எவ்வளவு நேரமாகும் என்று காட்டும் வளைகோடு அது, இன்று டி.டி.டி. படம் என்கிறோம். ஆங்கில 'சி' எழுத்துபோல் வளைந்திருக்கும். ஏன் அந்த வளைவு? 727 டிகிரிக்குச் சற்றுக் கீழே, கார்பன் அணுக்களுக்கு நடமாட்டம் தாராளம்; ஆனால் மாறியே தீரவேண்டும் என்ற உந்துதல் இல்லை. 300 டிகிரிக்கு இறங்கினால் உந்துதல் ஏராளம், கால் எழும்பாது. ஆசையும் காலும் ஒத்துவரும் இடம் 550 டிகிரி பக்கம். அங்கே ஒரு நொடி அளவிலேயே, மார்ட்டென்சைட்டைவிட மென்மையான பெர்லைட் முளைக்கத் தொடங்கிவிடும். கொல்லரின் தண்ணீர் அந்த ஒரு நொடியைத்தான் முந்துகிறது. தெர்மோவின் கிப்ஸும் கைனடிக்ஸின் அர்ரீனியஸும் ஒரே கோட்டில் உட்கார்ந்திருக்கும் இந்தப் படத்தை, நாம் 'வெப்பப் பதப்படுத்தல்' என்ற மூன்றாவது தாளில் கொண்டுபோய் ஒளித்துவைத்திருக்கிறோம்.

கணக்கைக் குறைத்துவிட்டால் தெர்மோ இனிக்கும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. அரியர் விழுவது கணக்கால் அல்ல, அது எதற்கு என்று தெரியாததால். சாஃப்ட்வேர் இருக்கிறதே என்பவர்களும் உண்டு. ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். பல்கலைக்கழகத்தில் பிறந்த தெர்மோ-கால்க், பட்டனைத் தட்டினால் சமநிலையைக் கணித்துத் தருகிறது. அந்தச் சமநிலை ஒரு மணி நேரத்தில் வருமா, ஒரு யுகத்தில் வருமா என்பதற்கு விரவலைக் கணிக்கும் தனிப் பகுதி வேண்டியிருக்கிறது. முதல் விடையோடு திருப்தியடைந்து எழுந்து போகும் பொறியாளரை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. மஃபிள் உலை பல ஆய்வகங்களில் இருக்கிறது. (நான் பார்த்த ஒரு கல்லூரியில், ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் அதன் உறையைக் கழற்றுவார்கள்.) தெர்மோ தாளின் முதல் வாரம், சூத்திரம் எழுதும் முன்பே, 0.8 சதவீதக் கார்பன் எஃகில் மூன்று துண்டுகளை 800 டிகிரியில் காய்ச்சட்டும். ஒன்றைத் தண்ணீரில் போடட்டும், ஒன்றைக் காற்றில் ஆறவிடட்டும், மற்றது உலையிலேயே இரவெல்லாம் கிடக்கட்டும். மறுநாள் ஆளுக்கொரு அரத்தைக் கொடுங்கள். உலையில் ஆறியதை அரம் பிறாண்டும். தண்ணீரில் விழுந்ததன் மேல் கண்ணாடியில் உரசியதுபோல் வழுக்கும். கடினம் அளக்கும் ராக்வெல் முள் 60ஐத் தாண்டும். ஒரே கம்பியில் வெட்டிய துண்டுகள், ஒரே கார்பன்.

பிறகு, தண்ணீரில் போட்ட துண்டை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுக்கட்டும். கடினம் சற்று இறங்கும், உடையும் குணம் தணியும். கொல்லர் வைக்கோல் நிறம் பார்த்து நிறுத்துகிற இடம் அதுதான். அணுக்கள், சமநிலைப் படம் சொன்ன திசையில் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. அதன் பிறகு அந்தப் படத்தை மேசைமேல் விரிக்கலாம்.